பேசிய கூலி எவ்வளவு? கைக்கு வந்த கூலி எவ்வளவு?

தோழர்களே!

தருமபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் சாலையிலே இருக்கிறது இண்டூர். வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கேழ்வரகு, பொய்த்தால் பெங்களூர்! பொழுது புலருமுன்பே பேருந்து நிற்குமிடத்தில் கூட்டம் கூடிவிடும். கொத்துக்கரண்டியும் ரசமட்டமும் பையிலே; சோறு தூக்குப்போசியிலே. ஊரார் வீட்டுக்குக் கூரை போடக் கிளம்பும் அந்தக் கூட்டத்தில், தன் வீட்டுக் கூரை ஒழுகாதவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் நெஞ்சு கனக்கும்.

2025 மார்ச்சு 14 அன்று, அன்றைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு, தமிழ்நாட்டு அரசின் 2025-26 ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையைச் சட்டமன்றத்திலே வைத்தார். பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி ரூபாய்! உயர்கல்விக்கு 8,494 கோடி ரூபாய்! அதற்குச் சில நாள் கழித்து, கூட்டமொன்றின் பொருட்டு நாம் இண்டூர் சென்றிருந்தோம். தேநீர்க் கடைப் பலகையிலே அமர்ந்திருந்த கொத்தனார் தோழர் ஒருவர், ஏட்டை விரித்துப் பிடித்து, எழுத்துக் கூட்டி அந்த எண்ணைப் படித்தார். படித்துவிட்டு நம்மைப் பார்த்துக் கேட்டார்:

"அண்ணே! நாற்பத்தாறாயிரம் கோடின்னு போட்டிருக்குதே, இதிலே எங்க ஊருப் பிள்ளைங்களுக்கு வந்து சேர்றது எவ்வளவு?"

மேடை ஏறினால் மணிக்கணக்கிலே பேசுகிற நமக்கு, அந்த ஒரு கேள்விக்கு விடை இல்லை. திகைத்து நின்றோம். நம் திகைப்பைக் கண்டு அவரே சொன்னார்: "மேஸ்திரி பேசுற கூலி ஒண்ணு. சனிக்கிழமை கைக்கு வர்ற கூலி வேற. அதனாலேதான் கேட்டேன்."

தோழர்களே! பொருளாதார நூல்களைப் புரட்டிப் பட்டம் பெற்றோர் பலர் கேட்க மறந்த கேள்வியை, எழுத்துக் கூட்டிப் படித்த கொத்தனார் கேட்டுவிட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இந்தக் கட்டுரை. அது கொத்தனாருக்கு மட்டும் எழுதப்படுவதன்று. அவருடைய வாக்கைப் பெற்றுச் சட்டமன்றத்தில் அமரும் உறுப்பினர்களுக்கும் எழுதப்படுவது.

வீட்டுக் கணக்கும் நாட்டுக் கணக்கும்

பட்ஜெட் என்றதும் அது ஏதோ பெரிய மூளை படைத்தவர்களுக்கே விளங்கும் மந்திரம் என்று எண்ணி ஒதுங்கிவிடுகிறோம். மந்திரமுமல்ல, மாயமுமல்ல! வாரக் கூலியை வாங்கி வந்து, அரிசிக்கு இவ்வளவு, மளிகைக்கு இவ்வளவு, வட்டிக்கு இவ்வளவு, பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கு இவ்வளவு என்று நம் வீட்டுத் தாய்மார் அஞ்சறைப் பெட்டியிலே பிரித்து வைக்கிறார்களே, அதுவும் பட்ஜெட்தான். கோட்டையிலே வைப்பது பெரிய அஞ்சறைப் பெட்டி, அவ்வளவே வேறுபாடு.

அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்போம். பள்ளிக் கல்விக்கு 2021-22 இல் ஒதுக்கப்பட்டது 32,599 கோடி. 2022-23 இல் 36,895 கோடி. 2023-24 இல் 40,299 கோடி. 2024-25 இல் 44,042 கோடி. 2025-26 இல் 46,767 கோடி. ஐந்து பட்ஜெட்டுகளுக்குள் ஒதுக்கீடு நூற்றுக்கு நாற்பத்துமூன்று உயர்ந்திருக்கிறது. 2025-26 இல் அரசின் மொத்த வருவாய்ச் செலவு 3,73,204 கோடி என்று கணக்கிட்டார்கள். அதனோடு ஒப்பிட்டால் பள்ளிக்கு வைத்தது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. பாராட்டத்தக்கது, பாராட்டுகிறோம்.

ஆனால், பாராட்டியதோடு பாயைச் சுருட்டிக்கொண்டு படுக்கப் போகலாமா? கூடாது. அந்த உயர்விலே விலைவாசி விழுங்கியது ஒரு பங்கு. பள்ளிச் செலவில் பெரும்பகுதி ஆசிரியர் ஊதியமாகப் போகும். அதிலே குற்றமில்லை, ஆசிரியர் இல்லாத பள்ளி வெறும் சுவர். என்றாலும், ஊதியம் போக மிஞ்சுவதுதான் கரும்பலகையாகவும், கழிப்பறையாகவும், ஆய்வுக்கூடமாகவும், தொலைவிலுள்ள பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்து வரும் வண்டியாகவும் மாறுகிறது. மிஞ்சுவது சிறு தொகை. அந்தச் சிறு தொகையிலே ஒருவர் கை வைத்தால், பள்ளி நடக்கும். ஆனால் நொண்டி நடக்கும்!

கை வைத்தார்கள், தோழர்களே!

சீட்டுப் பிடித்தவர் செய்த சேட்டை

ஒன்றிய அரசும் மாநில அரசும் சேர்ந்து நடத்தும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் ஒன்றுண்டு. 'சமக்ர சிக்ஷா' என்று டில்லி அதற்கு வடமொழியிலே பெயர் சூட்டியது. முன்பிருந்த மூன்று திட்டங்களை ஒன்றாக்கி 2018 இல் தொடங்கினார்கள். நூறு ரூபாய்ச் செலவென்றால் டில்லி தருவது அறுபது. நாம் போடுவது நாற்பது. 2024-25 ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் 3,586 கோடிக்குப் பணிகள் ஒப்புக்கொள்ளப்பட்டன. டில்லியின் பங்கு 2,152 கோடி.

ஒப்புக்கொண்டார்கள். கூலி பேசினார்கள். சனிக்கிழமை வந்தது, கூலி வரவில்லை!

ஏன்? 'பி.எம். ஸ்ரீ' பள்ளிகள் என்ற வேறொரு திட்டத்துக்கு ஒப்பந்தம் போட வேண்டுமாம். அந்த ஒப்பந்தத்திலே, 2020 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை முழுவதுமாக ஏற்கிறோம் என்ற உறுதிமொழி இருக்க வேண்டுமாம். அந்தக் கொள்கையிலே மும்மொழி இருக்கிறது. 1968 சனவரி 23 அன்று, அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, தமிழ்நாட்டின் சட்டமன்றம் தமிழும் ஆங்கிலமுமே போதும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. அந்தத் தீர்மானத்தின் மேல் கோடு கிழித்தால் பணம், இல்லாவிட்டால் இல்லை. 2025 பிப்ரவரியில் ஒன்றியக் கல்வி அமைச்சர் தர்மேந்திர பிரதான் இந்தக் கருத்தை வெளிப்படையாகவே சொன்னார்.

இதை நம் தெருவிலே நடக்கிற கதையாக மாற்றிப் பார்ப்போம். ஊரிலே இருபது வீட்டார் சேர்ந்து சீட்டுப் போடுகிறார்கள். மாதம் தவறாமல் கட்டுகிறார்கள். ஒரு வீட்டுக்காரரின் முறை வருகிறது. பெட்டியைக் கையிலே வைத்திருப்பவர் சொல்கிறார்: "உன் வீட்டுப் பிள்ளைக்கு நான் சொல்கிற பாடத்தைச் சொல்லித் தருவதாகக் கைநாட்டு வை. அப்போதுதான் உன் பணம்!" ஊர் என்ன சொல்லும்? 'ஐயா! பெட்டி உன்னிடம் இருக்கிறது. பணம் எங்களுடையது' என்று சொல்லாதா?

டில்லியின் பெட்டியிலே இருப்பது எவர் பணம்? கம்பி கட்டும் தோழன் வாங்கும் சோப்பிலும் வரி. அவன் மனைவி வாங்கும் எண்ணெயிலும் வரி. அவன் எழுப்பிய மாளிகையை விற்று ஈட்டிய இலாபத்திலும் வரி. பகிர்ந்தளிக்க வேண்டிய வரித் தொகுப்பிலே நூறு ரூபாய் சேர்ந்தால், மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து நாற்பத்தொன்று என்றது 2021-26 ஆண்டுகளுக்கான 15 ஆவது நிதிக்குழு. அந்த நாற்பத்தொன்றிலே தமிழ்நாட்டின் பங்கு நூற்றுக்கு 4.079. அதாவது, நூறு ரூபாயிலே நமக்கு வந்தது ஒரு ரூபாய் அறுபத்தேழு காசு! 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் நூறு பேரில் ஏறத்தாழ ஆறு பேர் தமிழ்நாட்டிலே வாழ்கிறோம் என்பதையும் பக்கத்திலே எழுதிப் பாருங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். கல்வியின் பெயராலே 2004 முதல் டில்லி தனியாக ஒரு மேல்வரி வாங்கத் தொடங்கியது. 2018 முதல் வருமான வரியோடு நூற்றுக்கு நான்கு என உடல்நலம், கல்வி ஆகிய இரண்டின் பெயரிலும் அந்த மேல்வரி வாங்கப்பட்டது. மேல்வரியை மாநிலங்களோடு பங்கிட வேண்டியதில்லை என்பது அரசியல் சட்டத்தின் 270 ஆவது பிரிவு. பள்ளியின் பெயரைச் சொல்லி வாங்கிய பணம். பள்ளியை நடத்துகிற மாநிலத்துக்கு அதிலே பாத்தியதை இல்லை! இந்த நீதியை எந்த மனுவிலே எழுதினார்களோ!

2025 மே மாதத்திலே தமிழ்நாட்டு அரசு உச்சநீதிமன்றம் சென்றது. 2,291 கோடியையும் ஆறு விழுக்காடு வட்டியையும் கேட்டது. ஏறத்தாழ 44 இலட்சம் மாணவர்களும் இரண்டு இலட்சத்து இருபதாயிரம் ஆசிரியர்களும் பாதிக்கப்படுகிறார்கள் என்று வழக்கிலே கூறியது.

தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் கொடுத்த இருபத்தைந்து விழுக்காட்டு இடங்கள் உள்ளன. அவற்றுக்கான பணமும் இதே மூட்டையிலே கட்டி வைக்கப்பட்டிருந்தது. சட்டம் தந்த கடமையைக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் 2025 ஜூன் மாதத்திலே சொல்ல நேர்ந்தது. அதற்குப் பின்னும் சேர்க்கை தொடங்கியது அக்டோபரில்! ஜூனிலே புத்தகப் பை மாட்ட வேண்டிய ஐந்து வயதுக் குழந்தை அக்டோபர் வரை வாசலிலே நின்றது. எந்த மொழிக் கொள்கையை அந்தக் குழந்தை எதிர்த்தது? எந்த ஒப்பந்தத்திலே கையெழுத்திட அது மறுத்தது?

"கையெழுத்துப் போட்டால் என்ன?"

இண்டூர்த் தோழர் இன்னொன்றும் கேட்டார். நேர்மையான கேள்வி, நழுவாமல் விடை சொல்ல வேண்டிய கேள்வி. "கையெழுத்தைப் போட்டுட்டுப் பணத்தை வாங்கிப் பிள்ளைங்களுக்குச் செலவழிச்சா என்ன அண்ணே? கொள்கையைப் பிறகு பார்த்துக்கலாமே?"

பசித்தவனுக்கு இந்த எண்ணம் வருவது இயல்பு. அதைக் குற்றம் சொல்ல மாட்டோம். டில்லித் தரப்பாரும் இப்படித்தான் வாதாடுகிறார்கள்: 'பணம் கொடுப்பவர் நிபந்தனை போடுவது உலக வழக்கு, மூன்றாவது மொழி இந்தியாகத்தான் இருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லையே' என்கிறார்கள்.

நிபந்தனையே கூடாது என்று நாம் சொல்லவில்லை. கழிப்பறைக்குக் கொடுத்த பணத்திலே கழிப்பறை கட்டினாயா என்று கேள், கணக்குக் காட்டு என்று கேள், தணிக்கை செய். அது நிர்வாக நிபந்தனை. ஆனால், காது கேளாத குழந்தைக்குப் பயிற்சி தரும் ஆசிரியையின் ஊதியத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு, 'மொழிக் கொள்கையை மாற்று' என்பது நிபந்தனையன்று, நிர்ப்பந்தம்! மூன்றாவது மொழி எதுவாக இருந்தாலும் இருக்கட்டும். வேண்டுமா, வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியது யார்? நாம் வாக்களித்து அனுப்பிய சட்டமன்றமா, நாம் ஒப்பந்தத்திலே போட்ட ஒரு கையெழுத்தா? இன்று பள்ளிப் பணத்துக்கு மொழி. நாளை மருத்துவமனைப் பணத்துக்கு எது? ஒரு முறை குனிந்த முதுகிலே மூட்டை ஏற்றுவது எவருக்கும் எளிது என்பது சுமைதூக்கும் தோழனுக்குத் தெரியாததா?

அண்டை மாநிலத்தைப் பாருங்கள். கேரளம் 2025 அக்டோபரிலே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. ஆளுங்கூட்டணிக்குள்ளேயே கொந்தளிப்பு எழுந்தது. அந்த மாதம் முடிவதற்குள்ளாகவே நடவடிக்கையை நிறுத்தி வைப்பதாக அறிவிக்க வேண்டி வந்தது. கையெழுத்து அவ்வளவு எளிய காரியமன்று என்பதற்கு அதுவே சான்று.

மேலேயிருந்து தடுத்த கதை புதிதன்று

1920 இல் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர், ஆயிரம்விளக்குப் பகுதிப் பள்ளியிலே ஏழைப் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்க ஏற்பாடு செய்தார். தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அந்தச் செலவு செய்ய ஆங்கில அரசு இசையவில்லை. 1925 இல் அடுப்பு அணைந்தது. பசித்த பிள்ளைகளின் வருகையும் குறைந்தது.

1953 இல் ஆச்சாரியார் ஆட்சியிலே, பள்ளி அரை நாள், அப்பன் தொழில் அரை நாள் என்று திட்டம் வந்தது. குலக்கல்வித் திட்டம் என்று பெரியார் அதை அடையாளம் காட்டினார், நாடு கொதித்தது. 1954 இல் காமராசர் முதலமைச்சரானார். அந்தத் திட்டம் குழிக்குள் போனது. 1956 இல் பகல் உணவு வந்தது. பணம் எங்கே என்ற கேள்விக்கு, 1958 முதல் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளிலே ஊர் மக்களே பலகையும் மணியும் சட்டையும் கொடுத்து விடை சொன்னார்கள். 1982 இல் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவாக விரித்தது. 2022 செப்டம்பர் 15 அன்று காலை உணவும் சேர்ந்தது. கட்சிகள் மாறின, முதலமைச்சர்கள் மாறினர், ஏழைப் பிள்ளையின் தட்டு மட்டும் பள்ளியை விட்டு அகலவில்லை. இந்த மண்ணின் மரபு அது.

இத்தனையும் செய்ய முடிந்தது ஏன்? கல்வி மாநிலத்தின் கையிலே இருந்தது. அதைப் பறித்தது எப்போது தெரியுமா? நெருக்கடி நிலைக் காலத்திலே! 1976 சனவரி 31 அன்று தமிழ்நாட்டின் ஆட்சி கலைக்கப்பட்டது, சட்டமன்றமும் இல்லை. அதே 1976 இல் 42 ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தால் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குத் தூக்கிச் சென்றார்கள். வீட்டுக்காரன் ஊரில் இல்லாத நேரத்திலே வேலியை நகர்த்தினார்கள். அந்த வேலிதான் இன்று நம் வாசலை மறிக்கிறது.

நம் வீட்டுத் திண்ணையையும் கூட்டுவோம்

டில்லியைச் சாடிவிட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போக நாம் வரவில்லை. கோட்டையிலே யார் அமர்ந்திருந்தாலும் - நமக்கு வேண்டியவராயினும், வேண்டாதவராயினும் - கேட்க வேண்டியதைக் கேட்டாக வேண்டும்.

ஓவியம், உடற்பயிற்சி, கணினி ஆகியவற்றைச் சொல்லித்தரப் பகுதிநேர ஆசிரியர்கள் 16,549 பேரை 2012 இல் நியமித்தார்கள். மாத ஊதியம் ஐந்தாயிரம் ரூபாய்! ஆட்சிகள் மாறின, ஊதியம் சிறிது சிறிதாக ஏறியது, 'பகுதிநேரம்' என்ற பட்டம் மட்டும் பத்தாண்டுக்கு மேலாகியும் அகலவில்லை. அரைக் கூலிக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரியை நாம் கண்டிக்கிறோமே. அரசே அரைக் கூலி கொடுத்தால் கண்டிக்க வேண்டாமா?

அடுத்தது, நம் தருமபுரி. 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 2011 கணக்கெடுப்பிலே தமிழ்நாட்டில் நூற்றுக்கு எண்பது பேர் எழுத்தறிந்தவர். தருமபுரியிலே 68 பேருக்குச் சற்றே மேல். அந்தக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மாவட்டங்களிலேயே கடைசி இடம் நமக்குத்தான்! அதியமான் ஆண்ட தகடூர். ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்து தமிழைக் காத்த மண் என்று மேடைதோறும் முழங்குகிறோம். அந்த மண்ணிலே, மூவரில் ஒருவருக்குத் தன் பெயரை எழுதத் தெரியாதென்றால், நெல்லிக்கனிக் கதையைச் சொல்லிச் சொல்லி என்ன பயன்?

பின்தங்கிய இடத்துக்கு முந்திக் கொடுப்பதுதான் சமூக நீதி. எல்லா வயலுக்கும் ஒரே அளவு நீர் விடுவது நீதிபோலத் தோன்றும். மேட்டு நிலத்துக்காரனைக் கேட்டுப் பாருங்கள். நீர் அவன் வரப்பைக் கூடத் தொடாது. இண்டூர் மேட்டு நிலம், தோழர்களே!

சட்டமன்ற உறுப்பினர்களே, கேளுங்கள்!

உங்களிடம் நாம் வைக்கும் கோரிக்கைகள் ஐந்து.

ஒன்று. மூன்று எண்களைக் கேளுங்கள். பள்ளிக் கல்வி மானியக் கோரிக்கை எண் 43. அது விவாதத்துக்கு வரும்போது வாழ்த்துரை போதும், கணக்கைக் கேளுங்கள். பட்ஜெட் ஏட்டிலே முதலில் போட்ட மதிப்பீடு உண்டு. ஆண்டின் இடையிலே திருத்திய மதிப்பீடு உண்டு. ஆண்டு முடிந்தபின் வருகிற உண்மைக் கணக்கும் உண்டு. அவைதாம் பேசிய கூலி, குறைத்த கூலி, கைக்கு வந்த கூலி! இந்த மூன்றையும் ஊராட்சி ஒன்றியம் வாரியாகப் பிரித்துக் கொள்கை விளக்கக் குறிப்பிலே அச்சிட வேண்டும். நல்லம்பள்ளிக்கு எவ்வளவு, பென்னாகரத்துக்கு எவ்வளவு, சென்னைக்கு எவ்வளவு என்று கொத்தனாரும் படித்தறிய வேண்டும். தர மறுத்தால் வெட்டுத் தீர்மானம் கொண்டுவாருங்கள். அந்த ஆயுதம் உங்கள் கையிலே துருப்பிடித்துக் கிடக்கிறது.

இரண்டு. ஊதியம் நீங்கிய செலவைத் தனித் தலைப்பிலே காட்டச் செய்யுங்கள். அந்தப் பகுதியைப் பங்கிடும்போது எழுத்தறிவு, பெண்களின் படிப்பு, பள்ளிக்குள்ள தொலைவு ஆகியவற்றைக் கணக்கிட்டு, பின்தங்கிய ஒன்றியங்களுக்குக் கூடுதலாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

மூன்று. பள்ளிக்கென ஒரு காப்பு நிதி ஏற்படுத்துங்கள். டில்லி கையை மடக்கினாலும் ஊதியமும் விடுதிச் சோறும் சிறப்புப் பயிற்சியும் நிற்கக் கூடாது. முதலில் பிள்ளைக்குக் கொடு. பிறகு டில்லியோடு வழக்காடு. அரசு அரசோடு மோதும்போது அடி விழுவது குழந்தையின் மேலாக இருக்கக் கூடாது. ஓராண்டுப் பங்கின் ஒரு பகுதியையேனும் இப்படி ஒதுக்கி வைத்தால், அடுத்த முறை மிரட்டுகிறவருக்கு மிரட்டும் ஆயுதம் மழுங்கிவிடும்.

நான்கு. நிரந்தரப் பணிக்கு நிரந்தர ஊதியம் என்பதை விதியாக்குங்கள். பகுதிநேரம், தொகுப்பூதியம் என்ற பெயர்களில் ஆண்டுக்கணக்கில் நடக்கும் பணிகளைக் காலவரையறையோடு முறைப்படுத்துங்கள். தன் வீட்டு வாடகைக்குக் கவலைப்படும் ஆசிரியர், நம் பிள்ளைக்கு நிம்மதியாகப் பாடம் சொல்ல முடியாது.

ஐந்து. கல்வியை மாநிலப் பட்டியலுக்குத் திருப்பக் கேளுங்கள். 1969 இல் கலைஞர் அரசு இராசமன்னார் குழுவை அமைத்தது. 1971 இல் அறிக்கை வந்தது. 2025 ஏப்ரலில் மு.க. ஸ்டாலின் தலைமையிலான அரசு நீதிபதி குரியன் சோசப் தலைமையிலே மற்றொரு குழுவை அறிவித்தது. அறிக்கைகள் அலமாரியை அலங்கரிக்க அல்ல. அதுவரையிலும், ஒப்புக்கொண்ட பங்கைக் குறித்த நாளுக்குள் கொடுத்தாக வேண்டும், தவறினால் வட்டி என்ற விதியை நாடாளுமன்றத்திலே நம் உறுப்பினர்கள் வற்புறுத்த வேண்டும். கல்வியின் பெயரால் வாங்கும் மேல்வரியையும் பங்கீட்டுத் தொகுப்பிலே சேர்க்கச் சொல்ல வேண்டும்.

இவை பேராசைகளா? இல்லை. கோத்தாரி கல்விக்குழு 1966 இல் அறிக்கை தந்தது. நாட்டு வருமானத்திலே நூற்றுக்கு ஆறு கல்விக்கு வேண்டும் என்றது. எந்தக் கொள்கையை ஏற்றுக் கையெழுத்திடு என்கிறார்களோ, அந்த 2020 கொள்கையிலும் அதே ஆறு இருக்கிறது. ஐம்பத்துநான்கு ஆண்டுக்குப் பின்னும் அதே ஆறு! ஆறைத் தருவதிலே அவசரமில்லை. மொழியைத் திணிப்பதிலேதான் அவசரம்!

நமக்கும் வேலை இருக்கிறது

தோழர்களே! உறுப்பினர்களுக்குக் கட்டளை போட்டுவிட்டு நாம் ஓய்வெடுக்க முடியாது. ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. கல்வி உரிமைச் சட்டம் தந்தது. அதிலே பெற்றோருக்குத்தான் பெரும்பான்மை. பள்ளிக்கு வந்த பணம், செய்த செலவு இரண்டையும் பார்க்கிற உரிமை அந்தக் குழுவுக்கு உண்டு. ஒரு நாள் கூலி போகுமே என்று நாம் போகாமலிருந்தால், கணக்குப் புத்தகம் யாருக்கும் காட்டப்படாமலே மூடப்படும்.

கிராமசபை உண்டு. தமிழ்நாட்டிலே அது கூடும் நாள்களில் ஒன்று மே முதல் நாள். மற்றொன்று அக்டோபர் 2. மே முதல் நாள் உழைப்பாளியின் நாள்; அக்டோபர் 2 தருமபுரி மாவட்டம் பிறந்த நாள். கொடியேற்றி, மிட்டாய் தின்று கலைந்துவிடாதீர்கள். எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்கள் பள்ளிக்குப் பேசியது எவ்வளவு? வந்தது எவ்வளவு?" விடையைத் தீர்மானப் புத்தகத்திலே எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாசிக்கச் சொல்லுங்கள்.

அன்று மாலை இண்டூரை விட்டுப் புறப்படும்போது அந்தக் கொத்தனார் தோழர் வேலை முடிந்து பேருந்திலிருந்து இறங்கினார். சட்டையெல்லாம் சிமிட்டி. ஓடி வந்து கையைப் பிடித்த மகளிடம் அவர் கொடுத்தது தின்பண்டமன்று. ஒரு பென்சில் பெட்டி. அன்றைய கூலியிலே வாங்கியது. அவருடைய பட்ஜெட்டிலே கல்விக்கு ஒதுக்கிய தொகை, ஒரு காசும் குறையாமல், அன்றைக்கே, உரிய கையிலே போய்ச் சேர்ந்துவிட்டது.

கோட்டையிலே வைக்கும் பட்ஜெட்டும், டில்லியிலே வைக்கும் பட்ஜெட்டும் அவ்வளவு நாணயமாக நடக்கட்டும். நாம் கேட்பது அவ்வளவுதான்!